ஒரு பெயரும் பல புலவரும்: ஔவையாரை முன்வைத்து

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரே பெயர் பூண்ட புலவர் பலர் உளர். குறிஞ்சிப்பாட்டுப் பாடிய கபிலர் வேறு. பதினோராந் திருமுறையில் இடம்பெறும் கபிலதேவ நாயனார் வேறு. நக்கீரர், பரணர் ஆகிய பெயர்களும் இத்தகையனவே. இவற்றுள் தமிழாசிரியர்க்கு அடிக்கடி எதிர்ப்படுவது ஔவையார் என்னும் பெயராகும். மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆத்திசூடியின் வழி அப்பெயரை அறிகின்றனர். பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் புறநானூறு பயிலும்போது அதே பெயரை மீண்டும் காண்கின்றனர். இருவரும் ஒருவரே என்னும் எண்ணம் இயல்பாகவே அவர்தம் உள்ளத்தில் எழுகிறது. அவ்வெண்ணத்தை நீக்குவதற்குரிய சான்றுகளையும், நீக்காவிடின் நேரும் இழப்பையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெயரின் பொருள்

அவ்வை என்னும் சொல் தாயையும் மூதாட்டியையும் குறிக்கும். கன்னடத்தில் ‘அவ்வ’ என்பது தாயையும், தெலுங்கில் ‘அவ்வ’ என்பது பாட்டியையும் குறித்தல் ஒப்புநோக்கத்தக்கது. மதிப்பும் அன்பும் கலந்த முறைப்பெயராதலின், வெவ்வேறு காலத்துப் பெண்பாற் புலவர்க்கு அஃது உரியதாயிற்று எனக் கருத இடமுண்டு.

சங்ககால ஔவையார்

சங்கத் தொகை நூல்களில் ஔவையார் பெயரால் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என அவை அமைகின்றன. இவர் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்குரியவர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி அளித்த குகைப் படுக்கையைக் குறிப்பிடுகிறது. புரவலன் பெயர் கல்லில் கிடைத்தமையால், இவ்வௌவையாரின் வரலாற்றுச் சூழல் மேலும் உறுதி பெறுகிறது.

நீதிநூல் ஔவையார்

ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி ஆகியன பாடிய ஔவையாரை 12ஆம் நூற்றாண்டை ஒட்டியவராகப் பலரும் கொள்வர். மாணவர்க்கு எளிதில் காட்டத்தக்க அகச்சான்று நல்வழியின் இறுதி வெண்பாவில் உள்ளது. அச்செய்யுள் திருக்குறளோடு தேவார மூவர் தமிழையும் திருவாசகத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. தேவார மூவர் 7, 8ஆம் நூற்றாண்டினர். எனவே அதியமான் காலத்துப் புலவர் இச்செய்யுளைப் பாடியிருத்தல் இயலாது. மூதுரையும் நல்வழியும் விநாயகர் வணக்கத்தோடு தொடங்குவதும், சங்க ஔவையார் ஆசிரியப்பாவில் பாட இந்நூல்கள் வெண்பாவில் அமைவதும் இதற்கு அரண் செய்கின்றன. யோகநெறி கூறும் விநாயகர் அகவலும் ஔவை குறளும் இன்னும் பிறரால் இயற்றப்பட்டிருக்கலாம் என்பாரும் உளர்.

கதைமரபில் ஔவையார்

பெயரொற்றுமை கதைகளுக்கும் வழிவகுத்தது. பிற்காலக் கபிலர் அகவல், ஔவை, அதிகமான், வள்ளுவர், கபிலர் முதலியோரை உடன்பிறந்தோர் எழுவராகக் காட்டுகிறது. சங்கப் பாடல்களிலோ அதியமான் ஔவையாரின் புரவலனே ஆவான். 1953ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படம் பல காலத்துச் செய்திகளை ஒரே வாழ்க்கையாக இணைத்துக் காட்டியது. கே. பி. சுந்தராம்பாளின் தோற்றத்தால் ஊன்றுகோல் ஏந்திய மூதாட்டி வடிவம் மக்கள் மனத்தில் நிலைபெற்றது.

ஒன்றாக்குவதால் நேரும் இழப்பு

காலக் குழப்பம் மட்டுமன்று இங்குள்ள சிக்கல். மூதாட்டி வடிவத்தைச் சங்கப் புலவர்மீது ஏற்றினால் அவரது அகப்பாடல்கள் மறைந்துவிடுகின்றன. தன் துயர் அறியாது உறங்கும் ஊரை முட்டுவேனோ, தாக்குவேனோ எனக் குமுறும் குறுந்தொகைத் தலைவியைப் படைத்தவர் அவரே. தொண்டைமானின் படைக்கலங்கள் அணிசெய்யப்பட்டுப் புத்தம் புதியனவாக இருக்க, அதியமானுடையனவோ போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பன என்று, புகழ்வதுபோல் பழித்த அரசியல் நுண்மையும் அவருடையதே.

மறுபுறம், பிற்கால ஔவையாரும் தமக்குரிய சிறப்பை இழக்கிறார். எழுத்து வரிசையையே அறவரிசையாக்கி, சிறுவர் நாவிற் பொருந்தும் ஓரடிகளில் பாடநூல் அமைத்தது அவரது தனிப்பெருஞ் சாதனை. கொடுப்போர், கொடாதோர் என்னும் இரண்டன்றி வேறு சாதியில்லை என நல்வழி உரைப்பதன் வன்மையும், அதனை அதன் காலச் சமூகத்தில் வைத்து நோக்கும்போதே முழுமையாகப் புலப்படும்.

முடிவுரை

ஆகவே, வகுப்பறையில் ‘ஔவையார் பாடினார்’ என்னுமிடத்துச் ‘சங்ககால ஔவையார்’, ‘நீதிநூல் ஔவையார்’ என அடைமொழி சேர்த்துக் கூறுதல் நலம். புரவலன், யாப்பு, அகச்சான்று ஆகிய மூன்றையும் கொண்டு மாணவரே வேறுபாட்டைக் கண்டறியுமாறு செய்யலாம். ஒருவரைப் பலராகப் பிரிப்பதால் ஔவையின் பெருமை குறைந்துவிடும் என அஞ்ச வேண்டுவதில்லை. தமிழில் பெண்பாற் புலமை ஒரு காலத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு அப்பெயரின் பன்மையே சான்றாகும்.