இரண்டு ஜோடிக் கம்பியில் 24 பேச்சு

இரண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே ஒரே நேரத்தில் நூறு பேர் பேச வேண்டுமா? நூறு ஜோடிச் செம்புக் கம்பி வேண்டும். அமெரிக்க நகரங்களில் ஒருகாலத்தில் இதுதான் கணக்கு. தெருவுக்கு அடியில் போட்ட குழாய்கள் நிறைந்துவிட்டால், மறுபடி தெருவைத் தோண்ட வேண்டும். இருக்கிற கம்பியிலேயே கூடுதல் பேச்சை ஏற்ற பெல் நிறுவனம் கண்ட வழிதான் டி1. 1962-ல் சிகாகோ பகுதியில் வேலைக்கு வந்தது.

குரலை முழுசாக அனுப்ப வேண்டியதில்லை. நொடிக்கு 8,000 முறை அளந்து, அளவை எண்ணாக அனுப்பினால் மறுமுனையில் பேச்சைத் திரும்பக் கட்டிவிடலாம். பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1930களிலேயே இதைச் சொல்லிவிட்டார்; கட்டுப்படியாகும் விலையில் செய்ய டிரான்சிஸ்டர் வர வேண்டியிருந்தது.

ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் நடுவே 125 மைக்ரோநொடி. அதற்குள் 24 பேரும் வரிசையாக ஆளுக்கு 8 பிட் போட்டுவிடுகிறார்கள். சுற்று எங்கே தொடங்குகிறது என்று காட்ட இன்னும் ஒரு பிட். ஆக 193 பிட். இது ஒரு பிரேம். 8,000-ஆல் பெருக்கினால் நொடிக்கு 15,44,000 பிட். போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி, அவ்வளவுதான் கம்பி.

எனக்கு மிகவும் பிடித்தது தெருவுக்கு அடியில் நடந்த வேலை. பேச்சு மங்காமலிருக்க, பழைய கம்பிகளில் 6,000 அடிக்கு ஒரு சுருள் வைத்திருந்தார்கள். டிஜிட்டல் துடிப்புக்கு அந்தச் சுருள் எமன். அதைக் கழற்றி, அதே ஆள்நுழைகுழியில் ரிப்பீட்டரை வைத்தார்கள். பழைய ஆம்ப்ளிஃபையர் குரலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். ரிப்பீட்டர் பார்ப்பது ஒன்றே ஒன்று: துடிப்பு இருக்கிறதா, இல்லையா? இருந்தால் புத்தம்புதுத் துடிப்பை அனுப்பும். இரைச்சல் அந்தக் குழியோடு நின்றுவிடும்.

மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது போன்ற சிக்னலுக்கும் இடம் வேண்டுமே! பிற்கால டி1-ல் ஆறு பிரேமுக்கு ஒருமுறை ஒவ்வொரு பேச்சிலிருந்தும் கடைசி பிட்டைத் திருடிக்கொண்டார்கள். காதுக்குத் தெரியாது; கணினித் தரவாக இருந்தால் கெட்டுப்போகும்.

ஐரோப்பாவின் இ1 இந்த விஷயத்தில் ஒழுங்கானது. மொத்தம் 32 இடம். 0-வது ஒத்திசைவுக்கு, 16-வது சிக்னலுக்கு, மீதி 30 பேச்சுக்கு. வேகம் நொடிக்கு 20,48,000 பிட். இந்தியா எடுத்துக்கொண்டது இதைத்தான். நம் அலுவலகங்களில் ‘பிஆர்ஐ லைன்’ என்று வாங்குவதும் இதே 30 சேனல்தான். முப்பது பேர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த லைனில் கூப்பிடும் 31-வது ஆளுக்கு பிஸி டோன்தான் கேட்கும்.