மீண்டும் வலை வீசுங்கள்



க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தடவை தோற்றும் பிள்ளை உங்கள் இல்லத்தில் உண்டா? வினாத்தாளைக் கண்டதும் கை நடுங்குவதும் படித்தது மறந்துபோவதும் சோம்பலின் விளைவல்ல; முன்னைய பெறுபேறு விட்டுச்சென்ற அச்சமே அது.

இரவு முழுவதும் உழைத்தும் மீன் அகப்படாத பேதுருவுக்கு ஆண்டவர் புதிய வலை கொடுக்கவில்லை. ஆழத்துக்குச் செல்லுமாறே பணித்தார். வெறும் வலையோடு கரைதிரும்பும் வேதனையையும், மறுநாளும் கடலுக்குச் செல்லும் துணிவையும் குருநகரும் பாசையூரும் நன்கறியும்.

பிள்ளைகளே, நீங்களும் ஆழத்துக்குச் செல்லுங்கள். பழைய குறிப்புகளையே திரும்பத் திரும்ப வாசிப்பதை விடுத்து, கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூட்டை முன்வைத்து எழுதிப் பழகுங்கள். மண்டபத்தில் நெஞ்சு படபடத்தால், பேனாவைக் கீழே வைத்து மூச்சை மெதுவாக வெளிவிடுங்கள். தெரிந்த வினாவிலிருந்து தொடங்குங்கள்.

பரீட்சார்த்திகளின் பாதுகாவலராகிய கூப்பர்த்தினோ நகர்ப் புனித யோசேப்பு (1603–1663) கல்வியில் மிகவும் இடர்ப்பட்டவர். ஆயினும் 1628இல் குருவானார்.

பெற்றோரே, பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் தோற்ற இடமுண்டு. அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். இன்றிரவு செபமாலை முடிந்ததும், பெறுபேறு எதுவாயினும் நீ எங்கள் பிள்ளையே என்று அப்பிள்ளையிடம் வாய்திறந்து கூறுங்கள்.