காரின் பின்புறம் ஏன் அலைகிறது?

ஜீயபுரத்திலிருந்து கரூர் செல்லும் சாலை காவிரியை ஒட்டி வளைந்து வளைந்து போவதை நாம் அனைவரும் அறிவோம். வாழைத்தார் ஏற்றிய லாரி அவ்வளைவுகளில் மெல்ல ஊர்ந்து போகும்போது நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அதே இடத்தில் ஒரு கார் அந்த லாரியை முந்த எண்ணி, ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்கும் நேரத்தில், காரின் பின்புறம் மட்டும் தனியே நழுவினால் என்ன ஆகும்? ஒருபுறம் ஆறு, மறுபுறம் வயல். இந்நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே காணப்போகிறோம். கார் விஷயம் பெண்கள் பள்ளி மலரில் எதற்கு என்று யாரேனும் கேட்டால், பௌதிக வகுப்பில் உராய்வு என்று மனப்பாடம் செய்தது இதற்கும் உதவவேண்டும் அல்லவா என்பதே நம் பதில்.

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் முன் சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. பழைய அம்பாஸிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்றவற்றிலும், பல ஸ்போர்ட்ஸ் கார்களிலும் பின் சக்கரங்கள் தள்ளுகின்றன. இழுக்கப்படும் பொருள் இழுப்பவர் பின்னே நேராக வரும்; பின்னாலிருந்து தள்ளப்படும் பொருளோ சற்று அசந்தால் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும்.

டயருக்குத் தரையில் உள்ள பிடிப்பு அளவானது. அது 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வளைவில் வண்டி வெளியே போகாமல் தாங்குவதற்கு 80 பங்கு செலவாகிறது என்றால், முன்னே தள்ளுவதற்கு மீதி 20 தானே என்று நினைப்போம். அப்படியன்று. இரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஆகவே பிதாகரஸ் தேற்றம் இங்கே வேலை செய்கிறது. 80, 60, 100 என்ற செங்கோண முக்கோணத்தின்படி 60 பங்கு கிடைக்கும். அதற்கு மேல் மிதித்தால் பின் டயர் நழுவும். முன் டயர்கள் பிடித்துக்கொண்டிருக்க, பின்புறம் பம்பரம்போல் சுழல முற்படும்.

வேகம் கூட்டும்போது பாரம் பின்னுக்குச் சாய்வது ஒரு நன்மை. 800 கிலோ எடையுள்ள காருக்கு ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், முன் பின் சக்கரங்களின் இடைவெளி 2.3 மீட்டராகவும் இருந்தால், ஒரு விநாடிக்கு 2 மீட்டர் வீதம் வேகம் கூடும்போது சுமார் 35 கிலோ பாரம் முன்னிருந்து பின்னுக்கு மாறுகிறது. காலைச் சட்டென்று எடுத்தால் அந்தப் பாரம் முன்னுக்குத் திரும்பிவிடும். பின்புறம் மிதிக்கும்போது அலைகிறதா, காலை எடுக்கும்போது அலைகிறதா என்பதே நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு அது. அதன் பின்சக்கரங்கள் நடுவிலுள்ள டிபரன்ஷியலிலிருந்து பறவையின் இறக்கைகள்போல் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். மிதித்தால் பின்புறம் தாழும். சக்கரங்கள் கால் அகட்டி நிற்பவரைப்போல் உறுதியாக நிற்கும். வளைவின் நடுவில் திடீரென்று காலை எடுத்தால் பின்புறம் எழும்பும்; வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும்; பிடிப்பு போய்விடும். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962-ல் செய்த டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே குணம். அமெரிக்காவில் செவர்லே கார்வேர் என்ற காரின் முதல் மாதிரிகளும் இவ்வகையே. 1965-ல் ரால்ப் நேடர் எழுதிய நூலால் அது பெரும் சர்ச்சையாயிற்று. பின்னர் 1972-ல் அந்நாட்டு அரசின் ஆய்வு, அக்காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமன்று என்றது. ஒரு காரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது அத்தனை எளிதன்று போலும்!

ஸ்டாண்டர்டு நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த கெஸல் காரில் இந்த இறக்கை அமைப்பைக் கைவிட்டு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முழு ஆக்சிலுக்கு மாறியது. அதற்கு வேறு நோய்கள் உண்டு. அவை மிதிக்கும்போதுதான் தெரியும்.

முழு ஆக்சில் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் யு-போல்ட்டுகளால் கட்டப்பட்டிருக்கிறது. இடப்பக்கத்து யு-போல்ட் தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்பிரிங் முனையிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது என்று கொள்வோம். ஓங்கி மிதித்ததும் இடது சக்கரம் சற்றே முன்னே நகரும், ஆக்சில் கோணலாகும், வண்டியின் பின்புறம் வலப்பக்கமும் முகப்பு இடப்பக்கமும் போகும். காலை எடுத்தால் எல்லாம் நேர் எதிராக நடக்கும். மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்று வண்டி இழுத்தால், எங்கோ ஒரு பிணைப்பு தளர்ந்திருக்கிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். ஸ்டியரிங்கைக் குறைசொல்லிப் பயனில்லை.

இடவளைவு, வலவளைவு இரண்டிலும் ஒரேபோல் நழுவினால் தளர்ச்சியைத் தேடவேண்டாம். டயரின் காற்றையும் தேய்மானத்தையும் பார்க்கவேண்டும். நேர்ச் சாலையில் மிதிக்கும்போது பின்புறம் டகடகவென்று குதித்தால், எஞ்சின் விசை தாங்காமல் பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு திரும்ப விடுபடுகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறியபின் நெடுநேரம் ஊஞ்சலாடினால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது.

பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும்; பின் டயரில் காற்றுக் குறைந்தால் பின்புறம் தளர்ந்து அலையும். சமதரையில் ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம்வரை ஒரு நூலால் இருபக்கமும் அளந்து பார்க்கலாம். அளவுகள் வெளிப்படையாக மாறுபட்டால் ஆக்சில் கோணல் என்று ஐயுறலாம். பிறகு மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைப்பார். ஆட்டம் இருந்தால் பேரிங்கைக் கவனிக்கவேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது.

பெற்றோருக்கு ஒரு செய்தி. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள், முன்சக்கரம் இழுக்கும் காரானாலும் சரி. முன்புறம் நழுவினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின்புறம் நழுவினால் சாதாரண ஓட்டுநருக்கு நேரமே இருப்பதில்லை.

பந்தயக்காரர்கள் இந்தத் தேடலில் கைதேர்ந்தவர்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் வந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன் மாருதி எஞ்சினைக்கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி இளைஞர்களுக்கு வழி திறந்தார். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. அவர் ஓட்டிய காலத்தில், சக்கரம் வீணே சுழன்றால் எஞ்சின் விசையைத் தானே குறைக்கும் மின்னணுச் சாதனம் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2008 முதல் அதைத் தடைசெய்துவிட்டார்கள். வேலை மறுபடியும் ஓட்டுபவரின் வலக்காலுக்கே வந்துவிட்டது.

ஒரு சோதனைக்கு ஒரே மாற்றம் என்பது பந்தயக்காரர்களின் வழக்கம். காற்றை மாற்றினால் அன்று ஸ்பிரிங்கைத் தொடமாட்டார்கள். டயர், ஷாக் அப்சார்பர், புஷ் மூன்றையும் ஒரேநாளில் மாற்றினால் நோய் தீரலாம். எதனால் தீர்ந்தது என்பது தெரியாது, பில் தொகை மட்டும் நன்றாகத் தெரியும்.