சிமெண்டில் நிலைபெறும் சேம்பிலை

பம்பாய்ப் பக்கம் 'அளு' எனப்படும் சேம்பின் அகன்ற இலை விரைவில் வாடும். அதன் நரம்பழகையோ சிமெண்டில் நிலைநிறுத்தலாம்.

ஈரமணலைக் குவித்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, இலையை அடிப்புறம் மேலாக வைத்திடுக. சிமெண்டு 1 பங்கு, சலித்த மணல் 2 பங்கு கெட்டியாகப் பிசைந்து, நடுவில் 2 சென்டிமீட்டர் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் அப்புக. சிமெண்டு தோலைப் புண்ணாக்கும், கையுறை இன்றியமையாதது.

இரண்டு நாள் மூடிவைத்து, பின் நிமிர்த்தி இலையை உரித்திடுக. உடனே வெயிலில் வைத்தலாகாது. சிமெண்டு உலர்வதால் இறுகுவதன்று. நீரோடு கூடியே இறுகுவது. ஆதலின் மேலும் 7 நாள் ஈரச்சாக்கு போர்த்துக. பிறகு நீர் வார்த்து வைத்தால் குருவிகள் வந்து பருகும்.

மாற்றலாகிச் செல்கையில் தோட்டம் உடன் வாராது. அதன் ஓரிலையேனும் வரும்.