பந்தயத் தடத்தில் படித்தது கடைத்தெருவில் கைகொடுக்குமா?

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து கிடக்கிறது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களின் வாரிசு அது. கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் ‘கரி’ என்ற பந்தயத் தடம் இருக்கிறது. இப்போதெல்லாம் இங்கே பந்தய வீரர்கள் மட்டும் ஓட்டுவதில்லை. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் போன்ற பயிற்சிப் பள்ளிகள் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு நடத்தியிருக்கின்றன. பணம் கட்டிச் சேர்கிறவர்களில் பலர் திங்கட்கிழமை காலை பைக்கில் அலுவலகம் போகிறவர்கள். கோப்பை வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள். தடத்தில் பழகினால் சாலையில் தப்பிப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கைதான் அவர்களை அங்கே கொண்டுவருகிறது. அந்த நம்பிக்கைக்கு இயற்பியலின் ஆதரவு நிறையவே உண்டு. விபத்துக் கணக்குகள்தான் அவ்வளவு எளிதாக ஒத்துவர மறுக்கின்றன.

முதலில் இயற்பியல். "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்" என்பது நம் ஊரில் வண்டி பழக்கிவிடும் அண்ணன்களும் மாமாக்களும் சொல்லும் முதல் எச்சரிக்கை. வண்டி சாய்ந்திருக்கும்போதோ மணல் மேலோ வெடுக்கென்று பிடித்தால் அவர்கள் சொல்வது நடக்கவும் செய்யும். ஆனால் நேராகப் போகும் வண்டியில் பிரேக் பிடித்தவுடன் பாரம் முன்பக்கம் ஏறுகிறது. முன் சக்கரம் தரையில் அழுந்துகிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது பூட்டிக்கொண்டு இழுபடுமே ஒழிய வண்டியை நிறுத்தாது. உலர்ந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்குகளையும் முறையாகப் பிடிப்பவர், ஒரு வினாடியில் தன் வேகத்தில் மணிக்கு 29 கி.மீ. அளவைக் குறைத்துவிட முடியும். பின் பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு அதே வினாடியில் 12 அல்லது 13 கி.மீ.தான் குறையும். முன் பிரேக்கை எடுத்த எடுப்பில் கவ்வாமல், பாரம் முன்னால் வர ஒரு கணம் விட்டு, பிறகு இறுக்கிக்கொண்டே போவது ஒரு கைப்பழக்கம். பின்னால் லாரி வராத, குழி இல்லாத ஓர் இடத்தில் திரும்பத் திரும்பச் செய்துதான் அதைப் பழக முடியும். அண்ணா சாலையில் அதற்கு இடமில்லை.

வளைவு விஷயமும் இப்படித்தான். கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலை 1980-இல் தொடங்கிய கீத் கோட், பயந்துபோன ஓட்டுநரின் உடல் தானாகச் செய்யும் தவறுகளைப் பட்டியலிட்டிருக்கிறார்: ஆக்சிலேட்டரைப் படக்கென்று விடுவது, ஹேண்டில்பாரை இறுகப் பற்றுவது, பயமுறுத்தும் பொருளையே கண்கொட்டாமல் பார்ப்பது, பார்த்த திசையிலேயே வண்டியையும் கொண்டுபோய் விடுவது. ஜெர்மன் உளவியலாளர் பெர்ன்ட் ஸ்பீகல் இதற்கு இன்னும் ஆழத்தில் ஒரு காரணம் காட்டினார். காலால் ஓடும் மனிதனுக்கு இயல்பான சாய்வு ஏறத்தாழ 20 பாகைதான்; அதற்கு மேல் சாய்ந்தால் விழுந்துவிடுவோம் என்று உடல் எச்சரிக்கிறது. பைக்கோ, நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருந்தால் அதைப் போல இரு மடங்கு சாயும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 20 பாகை சாய்வோடு திரும்ப வேண்டுமானால் வளைவின் ஆரம் 78 மீட்டராவது இருக்க வேண்டும். எதிர்பாராமல் வளைவு இறுகிப்போனால், வண்டியால் முடிந்திருந்தும் ஓட்டுபவரின் உடல் சம்மதிக்காமல், சாலையை விட்டு வெளியே போகிறவர்கள் இப்படி உருவாகிறார்கள். தடத்தில் படிப்படியாகச் சாய்ந்து பழகியவருக்கு இந்த எச்சரிக்கை மணி சற்றுத் தாமதமாகவே அடிக்கும். இது உண்மையான ஆதாயம்.

இனி விபத்துகள் எப்படி நடக்கின்றன என்று பார்க்கலாம். இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் 1981-இல் வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் அவர் குழு ஆராய்ந்தது. நான்கில் மூன்று விபத்துகள் இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டில், பைக்குக்கு உரிய வழியை மற்ற வாகனக்காரர் மறித்திருந்தார். பெரும்பாலும் பைக் வருவதே அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை. ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதும் வரை பைக் ஓட்டுபவருக்குக் கிடைத்த நேரம் இரண்டு வினாடிக்கும் சற்றுக் குறைவு. ஆபத்து தென்பட்டபோது நடுத்தர வேகம் மணிக்குச் சுமார் 48 கி.மீ., மோதியபோது சுமார் 35 கி.மீ. பந்தய வேகத்தோடு இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லை. தடப் பயிற்சியை எதிர்ப்பவர்கள் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான்: 48 கி.மீ. வேகத்தில் ஒரு கார் குறுக்கே திரும்பும்போது, சாய்ந்து திரும்பும் கலை எதற்கு?

ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையாகப் பயிலாதவர்கள். தாமாகவோ உறவினர், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். பெரும்பாலோர் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கவிட்டு, முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காமல் விட்டிருந்தார்கள். விலகித் திருப்பித் தப்பும் திறன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்கிறது அறிக்கை. இரண்டு வினாடியில் ஒன்றைத் திகைப்புக்குக் கொடுத்துவிடுவோம். மிஞ்சிய ஒரு வினாடியில், பின் பிரேக்கை மட்டும் பிடித்தவர் 48-இலிருந்து 35 கி.மீ.க்கு இறங்கியிருப்பார். இரண்டையும் முறையாகப் பிடித்தவர் 19 கி.மீ.க்கு வந்திருப்பார். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இரண்டாமவர் மேல் விழும் அடி, முதலாமவர் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் வழக்கு இங்கேயே தீர்ந்துவிட்டது.

சாலையில் தீரவில்லை என்பதுதான் வியப்பு. நார்வே 1979-இல் புதிய கார் ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. சறுக்கும் வண்டியை மீட்டெடுக்கக் கற்றவர்கள் பனிச் சாலையில் குறைவாக விபத்துக்குள்ளாவார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஆல்ஃப் கிளாட் 1988-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இளம் ஆண்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் கூடியிருந்தன. அமெரிக்காவில் 1974-இல் வெளியான இன்னோர் ஆய்வு, பந்தய உரிமம் பெற்ற கார் ஓட்டுநர்களின் சாலைப் பதிவேட்டைப் புரட்டியது. சாதாரண ஓட்டுநர்களைவிட அவர்களுக்கு விபத்துகளும் அதிகம், வேக மீறல் வழக்குகளும் அதிகம். வேகப்பிரியர்கள்தானே பந்தயத்துக்கே போகிறார்கள், பயிற்சியின் மேல் ஏன் பழி போட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அமெரிக்க ஆய்வு அதற்குப் பதில் சொல்லாது. நார்வே சொல்கிறது. அங்கே விரும்பியவர் மட்டும் வரவில்லை. எல்லோரும் வந்தாக வேண்டியிருந்தது. அது காருக்குத்தானே என்றால், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பைக் ஓட்டப் புதிதாகக் கற்ற சுமார் 2,400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் சாலையிலேயே பயிற்சி தந்து பார்த்தது. 2016-இல் வெளிவந்த முடிவு: பயிற்சி பெற்றவர்களின் விபத்துகள் குறையவில்லை; அவர்களுடைய தன்னம்பிக்கையும் வேகம் காட்டும் போக்கும் கூடியிருந்தன. அதற்கு முன்பே, 2010-இல், மோட்டார்சைக்கிள் பயிற்சி பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வும், எந்தப் பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்றுதான் முடித்தது.

இந்த முரணுக்கு விடை கையில் இல்லை, மனத்தில் இருக்கிறது. ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரேகர்சன் 1996-இல் வெளியிட்ட ஒரு சிறிய பரிசோதனை அதை அழகாகக் காட்டியது. கார் ஓட்டக் கற்கும் இளைஞர்களில் ஒரு பிரிவுக்கு, வழுக்கும் தரையில் பிரேக் பிடித்து விலகும் திறமையை முடிந்தவரை சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு, அந்தத் திறமையை அதிகம் நம்பக்கூடாது என்பதை அனுபவத்தில் காட்டினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது இரு பிரிவினரின் உண்மைத் திறனிலும் வேறுபாடு இல்லை. ஆனால் தங்களைப் பற்றிய மதிப்பீட்டில் முதல் பிரிவினர் உயர்ந்து நின்றார்கள். சம்பளம் உயர்ந்ததும் வீட்டுச் செலவும் சத்தமில்லாமல் உயர்வதைப் போல, கூடிய திறமையை மனிதன் கூடிய வேகமாகச் செலவழித்துவிடுகிறான். மாதக் கடைசியில் கையிருப்பு பழையபடிதான். பிரேக் பிடிக்கத் தெரிந்ததால் முன்னால் போகும் பேருந்தோடு இடைவெளியைக் குறைத்துக்கொள்கிறவர், தான் கற்றதன் பலனைத் தானே அழிக்கிறார்.

தடம் கற்றுத்தர முடியாதவையும் உண்டு. அங்கே எதிரே வண்டி வராது. ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவு, அதே தார். ஏதாவது நடந்தால் கொடி காட்ட ஆள் நிற்பார். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டரோ, நெல் காயப்போட்ட கிராமச் சாலையோ, பின் இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்த அம்மாவோ அங்கே கிடையாது. இதைவிட முக்கியம், தடத்தின் சில பாடங்கள் சாலையில் தவறாகவே முடியும். பந்தயக்காரர் வளைவின் வெளியோரத்திலிருந்து நுழைந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்குப் போவார். வளைவை அகலமாக்கி வேகத்தைக் காப்பாற்றும் உத்தி அது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இதைச் செய்தால், சக்கரம் நடுக்கோட்டுக்குள் இருந்தாலும் சாய்ந்த தலை எதிர்த்தடத்தில் இருக்கும், மேலேயிருந்து பேருந்து இறங்கி வரும் நேரத்தில். மலைச்சாலையில் வேண்டியது, வளைவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நின்றுவிடக்கூடிய வேகம். மணிக்கு 60 கி.மீ.யில், திகைக்கும் நேரத்தையும் சேர்த்து, நல்ல ஓட்டுநருக்கே அந்தத் தூரம் 30 மீட்டரைத் தாண்டும்.

வேகவெறியைத் தடத்தில் தீர்த்துக்கொண்டவர் சாலையில் அமைதியாக ஓட்டுவார் என்று ஒரு வாதம் உண்டு. சிலருக்கு அது நடக்கலாம். கடற்கரைச் சாலையில் இரவில் பந்தயம் விடுவதைவிட இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டுவது ஆயிரம் மடங்கு மேல் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இதைப் பொது விதியாக ஏற்க மேலே சொன்ன ஆய்வுகள் இடம் தரவில்லை. தடத்துக்குப் போக நினைப்பவருக்கு நான் சொல்வது இது: போங்கள், ஆனால் பிரேக்கையும் பார்வையையும் பழகப் போங்கள். முழங்கால் தரையில் உரசும் படம் எடுக்க அல்ல. எங்கே உங்கள் திறமை முடிகிறது என்று தெரிந்துகொண்டு திரும்பினால், கட்டிய பணத்துக்கு மதிப்பு உண்டு.

அதற்கு முன் செலவழிக்க வேண்டிய இடங்கள் வேறு சில இருக்கின்றன. சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., தடத்தின் முதல் பாடத்தில் பெரும்பகுதியைத் தானே செய்துவிடுகிறது. ஏ.பி.எஸ். உள்ள பைக்குகளில் உயிர்ப்பலி விபத்துகளின் விகிதம் 31 சதவீதம் குறைவு என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2013-இல் கணக்கிட்டது. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் அது 2019-இலிருந்து கட்டாயம். ஆனால் முன் பிரேக்கைத் தொடவே பயப்படும் கைக்கு ஏ.பி.எஸ். இருந்தும் பயன் குறைவு. அந்தப் பயத்தைப் போக்கப் பந்தயத் தடம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆளில்லாத மைதானமோ தொழிற்பேட்டைச் சாலையோ போதும். 30 கி.மீ. வேகத்தில் தொடங்கி, முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி நிறுத்திப் பழகலாம்.

அரசின் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருசக்கர உரிமத்துக்கு நாம் எட்டு போட்டுக் காட்டுகிறோம். காலை ஊன்றாமல் மெதுவாகத் திருப்பத் தெரிகிறதா என்பதை அது சோதிக்கிறது. அவசரமாக நிறுத்தத் தெரியுமா என்று கேட்பதே இல்லை. பிரிட்டனில் உரிமத் தேர்வுக்கு வருபவர் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து பத்திரமாக நிறுத்தியும், அதே வேகத்தில் தடையை விலகியும் காட்ட வேண்டும். இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். எட்டோடு சேர்த்து 40 கி.மீ. வேகத்தில் ஒரு பிரேக் தேர்வையும் போக்குவரத்துத் துறை வைக்கட்டும். தடத்துக்கு ஒருநாளும் போகப்போகாத கோடிக்கணக்கானவர்களுக்குத் தேவையான பாடம் அதுதான். தலைக்கவசத்துக்கோ பயிற்சியே வேண்டாம்: அது அணியாததால் அதே ஆண்டில் இறந்தவர்கள் 50,029 பேர்.