பிரசிடென்ட் கையில் எத்தனை ரூபாய்?

புதிய பஞ்சாயத்துத் தலைவரை எடைபோட பட்ஜெட் தொகை மட்டும் போதாது

ஆரியங்கோட்டில் ‘பிரசிடென்ட்’ என்றால் யாரும் டில்லியை நினைப்பதில்லை. பஞ்சாயத்துத் தலைவரைத்தான் நினைப்பார்கள். ராஷ்டிரபதி கையெழுத்துப் போட்டால் சட்டம் வரும். இவர் மனது வைத்தால்தான் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குச் சாலை வரும்.

2025 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு, இந்தக் கிராமம் உள்பட கேரளத்தின் 941 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் புதிய ஆட்சிக் குழுக்கள் வந்தன. எங்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: பணத்தை இவர்கள் எப்படிச் செலவழிப்பார்கள்?

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தால் பற்றாக்குறை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். பஞ்சாயத்துத் தலைவர் அரசின் அனுமதி இல்லாமல் கடன் வாங்க முடியாது. பட்ஜெட்டைக்கூட அவர் தாக்கல் செய்வதில்லை. நிதி நிலைக்குழுவின் தலைவர் என்ற முறையில் துணைத் தலைவர்தான் தாக்கல் செய்கிறார்.

அதற்காக இது வெறும் அலங்காரப் பதவி அல்ல. 1996 ஆகஸ்டில் நாயனார் அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்தது. ஆரம்ப சுகாதார நிலையம், கிருஷி பவன், கால்நடை மருத்துவமனை எல்லாம் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்புக்கு வந்தன. பணமும் வந்தது.

ஆனால் அந்தப் பணம் முத்திரை குத்தப்பட்டே வருகிறது. பட்டியல் சாதியினருக்கான தொகை தனி, பழங்குடியினருக்கான தொகை தனி. பெண்களுக்கான திட்டங்களுக்குக் குறைந்தது 10 சதவீதம். பராமரிப்பு நிதியில் சாலைக்கு ஒரு பங்கு, கட்டடங்களுக்கு ஒரு பங்கு. 15-வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரை தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிடலாம் என்பது விதி. ஆகவே ‘இத்தனை கோடி கொண்டுவந்த தலைவர்’ என்று பேனர் கட்டினால், அதில் பெரும்பகுதி யார் வந்திருந்தாலும் வந்திருக்கும் பணம்.

பிறகு எதை வைத்துத்தான் எடைபோடுவது? மூன்று விஷயங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, சொந்த வருமானம். வீட்டு வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம் இவைதான் முத்திரை இல்லாத பணம். விகிதங்களைப் பெரும்பாலும் திருவனந்தபுரம்தான் முடிவு செய்கிறது. கட்டட அனுமதிக் கட்டணத்தை 2023 ஏப்ரலில் ஏற்றியதும், எதிர்ப்புக் கிளம்பியபின் 2024 ஆகஸ்டில் 60 சதவீதம் வரை குறைத்ததும் மாநில அரசுதான். ஆனால் வசூல் பஞ்சாயத்தின் வேலை. சான்றிதழ் கேட்டு வரும் ஏழையிடம் பாக்கியை வசூலித்துவிட்டு, வணிக வளாகத்தின் பாக்கியைக் கண்டும் காணாமல் விட்டால், அதுவும் ஒரு நிதிக் கொள்கைதான்.

இரண்டாவது, காலண்டர். பணத்தை ஆண்டு முழுக்கப் பூட்டி வைத்துவிட்டு மார்ச்சில் வாரி இறைப்பது பழைய வியாதி. கருவூலக் கட்டுப்பாடு வந்தால் பில்கள் வரிசையில் நிற்கும். முடியாத வேலைகள் அடுத்த ஆண்டின் தலையில் விழும். டிசம்பருக்குள் எத்தனை வேலை முடிந்தது என்று கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது, பழுது பார்த்தல். புதிய கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. அங்கன்வாடியின் ஒழுகும் கூரையை மாற்றினால் கல்வெட்டு கிடையாது. ஆனால் மழை பெய்யும்போது குழந்தைகள் நனையமாட்டார்கள்.

இதையெல்லாம் கேட்க வேண்டிய இடம் கிராமசபை. கேரளச் சட்டப்படி வார்டுதோறும் 3 மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்தாக வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை கூட்டத் தவறும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். சட்டம் கறாராகத்தான் இருக்கிறது. ஆனால் பயனாளிப் பட்டியல் தயாராகும் நாளில் நிரம்பும் நாற்காலிகள், கணக்கு வாசிக்கும் நாளில் நிரம்புவதில்லை. வீடும் ஆடும் கோழியும் கேட்டு வருபவர்களைக் குறை சொல்ல முடியாது. வரி கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுபவர்களைச் சொல்லலாம்.

கேள்வி கேட்கும் உரிமையின் அருமை எல்லைக்கு அந்தப் பக்கம் தெரியும். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்த விளவங்கோடு தாலுகா கூப்பிடு தூரம்தான். கன்னியாகுமரி மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குப் போனது. அலுவலர் நன்றாகச் செலவழிக்கலாம், மோசமாகவும் செலவழிக்கலாம். எப்படி இருந்தாலும் அவரை ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது.

ஆரியங்கோட்டுக்காரர்களால் முடியும். ஆனால் அதற்கு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். அடுத்த கிராமசபைக்கு 3 மாதம் போதும்.