சுப்பர் விசாவும் கிளினிக் கொப்பியும்: கனடா செல்லும் பெற்றோர் அறிய வேண்டிய காப்புறுதி விடயங்கள்

வடக்கில் ஓய்வூதியம் பெற்று வாழும் பெற்றோர் பலரின் அலுமாரியில் இரண்டு கோவைகள் இருக்கின்றன. ஒன்று பிரதேச செயலகத்துக்கானது. ஓய்வூதிய அட்டை, வங்கிப் புத்தகம், உயிர்வாழ் சான்றிதழின் பிரதி எல்லாம் அதற்குள் இருக்கும். மற்றையது கனடாவுக்கானது. பிள்ளையின் அழைப்புக் கடிதம், பிள்ளையின் வருமான ஆவணங்கள், காப்புறுதிப் பத்திரம் என்பன அதற்குள் இருக்கும்.

இந்த இரண்டாவது கோவையில் பெரும்பாலும் யாரும் வாசிக்காத கடதாசி அந்தக் காப்புறுதிப் பத்திரம்தான். பல பக்கங்கள், சிறிய எழுத்து, சட்ட ஆங்கிலம். வாங்கியதும் பணம் கட்டியதும் பிள்ளை. விமான நிலையத்தில் கேட்டால் காட்டுவதற்கு என்று பெற்றோர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது எப்போது கைகொடுக்கும், எப்போது கைவிடும் என்பது நோய் வந்த பிறகே பலருக்குத் தெரிகிறது. கடந்த சில மாதங்களில் கனடா சென்று திரும்பிய, செல்லக் காத்திருக்கும் ஓய்வூதியர்கள் பலருடன் பேசியதிலிருந்தும், அவர்களது பத்திரங்களை எழுத்தெண்ணி வாசித்ததிலிருந்தும் இதை எழுதுகிறேன்.

ஏன் இந்தக் காப்புறுதி?

கனடாவில் பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர்களின் பெற்றோரும் பேரன் பேத்திமாரைக் கொண்டவர்களும் நீண்ட காலம் தங்குவதற்காகச் சுப்பர் விசா 2011 டிசம்பரில் அறிமுகமானது. பத்து ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். முன்னர் ஒரு தடவை சென்றால் இரண்டு ஆண்டுகள் தங்கலாம். 2022 யூலை முதல் அது ஐந்து ஆண்டுகளாக நீட்டப்பட்டது. பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் அனுசரணைத் திட்டம் இருக்கிறதுதான். ஆனால் 2020 இல் விருப்பம் பதிந்தவர்களுக்கே 2024, 2025 ஆம் ஆண்டுகளிலும் அழைப்பு அனுப்பப்பட்டது. ஆகவே பல குடும்பங்களுக்குச் சுப்பர் விசா ஒன்றே நடைமுறையில் உள்ள வழி.

சுப்பர் விசாவில் செல்பவர்களுக்கு ஒன்ராறியோவின் ஓஹிப் போன்ற மாகாண மருத்துவக் காப்பீடு கிடையாது. வைத்தியசாலையில் ஒரு நாள் கட்டிலுக்கே ஆயிரக்கணக்கான டொலர் கட்ட வேண்டும். அதனால்தான் கனேடிய அரசு தனியார் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலருக்கு, கனடாவில் காலடி வைக்கும் நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடத்துக்கு அது செல்லுபடியாக வேண்டும். முழுப் பணமாகவோ, முற்பணத்துடன் தவணை முறையிலோ கட்டியதற்கான ஆதாரம் தேவை. விலைமதிப்புக் கடிதம் மட்டும் போதாது. 2025 ஜனவரி 28 முதல், கனேடிய நிதி ஒழுங்குபடுத்தும் அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களிடமும் வாங்கலாம். அங்கீகாரம் இல்லாத உள்ளூர்ப் பயணக் காப்புறுதி இதற்குச் செல்லாது.

இங்கே பலரும் குழம்பும் ஒரு விடயம் உண்டு. விசாவுக்காகச் செய்யப்படும் மருத்துவப் பரிசோதனை வேறு, காப்புறுதி வேறு. "மெடிக்கல் பாஸாயிட்டுது, இனி என்ன பிரச்சினை?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அந்தப் பரிசோதனை கனேடிய அரசு உங்களை உள்ளே விடலாமா என்று பார்ப்பதற்கானது. உங்கள் பழைய நோய்க்குக் காப்புறுதி நிறுவனம் பணம் தருமா என்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"ஸ்டேபிள்" என்ற ஒரு சொல்

வலிகாமத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்கு 71 வயது. ஸ்காபரோவில் மகள் வீட்டில் இருந்தபோது நெஞ்சு நோவு வந்து மூன்று நாட்கள் வைத்தியசாலையில் இருந்தார். காப்புறுதி நிறுவனம் முந்தைய மாதங்களின் மருத்துவப் பதிவுகளைக் கேட்டது. ஊரில் இருந்த கிளினிக் கொப்பியைத் தம்பி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பயணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் பிரஷர் குளிசையின் அளவு கூட்டப்பட்டிருப்பது அதில் இருந்தது. காப்புறுதிப் படிவத்திலோ ஆறு மாதங்களாக மருந்தில் மாற்றமில்லை என்று எழுதப்பட்டிருந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. வைத்தியசாலைக் கட்டணத்தை மகள் இன்னும் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மகள் பொய் எழுதவில்லை. அவருக்குத் தெரியாது. "பிள்ளைக்குச் சொன்னா அதுவும் அங்க இருந்து யோசிச்சுக்கொண்டிருக்கும் எண்டுதான் சொல்லேல்ல" என்றார் அம்மா.

ஏற்கனவே உள்ள நோய்களுக்குக் காப்பு வேண்டுமானால் அவை "ஸ்டேபிள்" ஆக, அதாவது மாற்றமில்லாத நிலையில் இருக்க வேண்டும் என்று இந்தப் பத்திரங்கள் சொல்கின்றன. எவ்வளவு காலத்துக்கு என்பது நிறுவனத்தையும் வயதையும் பொறுத்தது. 90, 120, 180 நாட்கள் என்று வரும். சிலவற்றில் ஒரு வருடம். நாங்கள் "இப்ப சுகமாத்தான் இருக்கிறன்" என்று சொல்வதும் இந்தச் சொல்லும் ஒன்றல்ல. அந்தக் காலத்துக்குள் புதிய அறிகுறி, புதிய மருந்து, மருந்தின் அளவில் மாற்றம், வைத்தியசாலையில் தங்கியது, முடிவு வராத பரிசோதனை, விசேட வைத்தியரிடம் அனுப்பிய துண்டு ஆகிய எது இருந்தாலும் அந்த நோய் "ஸ்டேபிள்" அல்ல. நோய் குறைந்துவிட்டது என்று வைத்தியர் மருந்தைக் குறைத்தாலும் அது மாற்றம்தான்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. இந்த நாட்கள் பொதுவாகக் காப்புறுதி வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அது நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து, அதாவது கனடா போய்ச் சேரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். விசா விண்ணப்பத்துக்காக முன்கூட்டியே பத்திரத்தை வாங்கிவிடுகிறோம். விசா வந்து பயணச்சீட்டு எடுப்பதற்குள் மாதங்கள் போய்விடும். அந்த இடைவெளியில் கிளினிக்கில் மருந்து மாறியிருந்தால் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். சில வேளைகளில் பயணத்தைச் சில வாரங்கள் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

எங்கள் நிலைமையில் இது ஏன் கடினம்

இந்த நிபந்தனைகள் குடும்ப வைத்தியரும் கணினிப் பதிவும் உள்ள நாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் பெற்றோரின் மருத்துவ வரலாறு அநேகமாக ஒரு கிளினிக் கொப்பிக்குள்தான் இருக்கிறது. 1995 இடப்பெயர்விலும் 2009 இலும் பழைய கொப்பிகளும் நோய் நிர்ணய அட்டைகளும் பலருக்குத் தொலைந்துவிட்டன. எந்த ஆண்டில் என்ன சத்திரசிகிச்சை நடந்தது என்று படிவம் கேட்கும்போது நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வேறொரு சிக்கலும் சேர்ந்தது. அரச வைத்தியசாலையில் ஒரு மருந்து இல்லையென்றால் வேறொன்று எழுதப்படும், அல்லது வெளியே பாமசியில் வாங்கச் சொல்வார்கள். அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பனி என்றால் பல பத்திரங்கள் அதை மாற்றமாகக் கொள்வதில்லை. ஆனால் மருந்தே வேறாகிவிட்டால் கேள்வி வரும். அதனால் "மருந்து கைவசம் இல்லாததால் மாற்றப்பட்டது, நோயில் மாற்றமில்லை" என்று வைத்தியரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைத்திருப்பது நல்லது. நிறுவனம் அதை ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் பின்னர் வாதாடுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.

உடம்பில் ஷெல் துண்டுகளுடன் வாழ்பவர்களும் இந்தப் படிவத்தை நிரப்புகிறார்கள். கிளிநொச்சியில் சந்தித்த ஓய்வு பெற்ற தபால் ஊழியர் ஒருவர், தன் தோளில் உள்ள துண்டைப் பற்றி எழுத வேண்டுமா என்று கேட்டார். அது நோயில்லை என்பது அவரது எண்ணம். விசா அதிகாரி பார்த்தால் வேறு கேள்வி வருமோ என்ற பயமும் இருந்தது. காப்புறுதிக்காரர் கேட்பது காயம் எப்படி வந்தது என்பதல்ல, அதற்குச் சிகிச்சை நடந்ததா, இப்போது தொந்தரவு தருகிறதா என்பதுதான். படிவத்தின் கேள்விக்குள் அது வந்தால் மறைக்கக் கூடாது. மறைத்தது பின்னர் தெரியவந்தால், சம்பந்தமேயில்லாத வேறொரு நோய்க்கான கோரிக்கைகூட மறுக்கப்படலாம். முழுப் பத்திரத்தையே செல்லாததாக்கும் உரிமையும் நிறுவனங்களுக்கு இருக்கிறது.

செலவும் திரும்பப் பெறுதலும்

கட்டணம் வயதோடு ஏறும். பழைய நோய்களுக்குக் காப்புச் சேர்த்தால் இன்னும் ஏறும். எழுபதைத் தாண்டிய, சலரோகமும் பிரஷரும் உள்ள ஒருவருக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் டொலர் ஆகலாம். இங்கே பென்சனில் வாழும் ஒருவரால் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. கட்டுவது பிள்ளைதான். பாரத்தைக் குறைக்க இரண்டு வழிகளை முகவர்கள் சொல்வார்கள். இரண்டையும் விளங்கிக்கொண்டே தெரிவு செய்ய வேண்டும்.

முதலாவது "டிடக்டிபிள்". செலவின் முதற் பகுதியை, ஆயிரம் டொலர் என்றோ ஐயாயிரம் என்றோ, நாங்களே கட்டுவதாக ஒப்புக்கொள்வது. கட்டணம் குறையும். ஆனால் சின்ன வருத்தங்களுக்குக் காப்புறுதியிலிருந்து ஒன்றும் வராது. இரண்டாவது, பழைய நோய்களுக்குக் காப்பில்லாத மலிவுப் பத்திரம். விசாவுக்கு அது போதுமாக இருக்கலாம். ஆனால் இருதய நோயாளி ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் அது வெறும் கடதாசி.

விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் காட்டிக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறலாம். ஒரு வருடம் முடியுமுன் நாடு திரும்பினால், எந்தக் கோரிக்கையும் செய்யாதிருந்தால் மட்டுமே மிகுதி நாட்களுக்கான பணத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் தரும். சிறிய கோரிக்கை ஒன்றைச் செய்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். நூறு, இருநூறு டொலர் வைத்தியச் செலவைக் கோருவதற்கு முன் இதைக் கணக்குப் பார்ப்பது நல்லது.

இது அவசர சிகிச்சைக்கான காப்புறுதி என்பதையும் மறக்கக் கூடாது. மாதாந்தக் குளிசைகள், வழக்கமான பரிசோதனைகள் இதில் அடங்கா. தேவையான மருந்தை வைத்தியரின் துண்டோடு இங்கிருந்தே கொண்டு போக வேண்டும்.

நோய் வந்தால்

அட்டையில் 24 மணி நேரத் தொலைபேசி எண் இருக்கும். சிகிச்சைக்கு முன், அது முடியாவிட்டால் இயன்ற விரைவில், அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். அழைக்காமல் விட்டால் கொடுப்பனவைக் குறைக்கப் பல பத்திரங்களில் இடமுண்டு. உயிராபத்து என்றால் முதலில் 911. பிறகு காப்புறுதி. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

பற்றுச்சீட்டுகள், பணம் கட்டிய ஆதாரம், வைத்தியசாலைப் பதிவுகள், கனடாவுக்குள் வந்த திகதியின் சான்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருங்கள். ஆபத்து நீங்கியபின் ஊருக்குத் திருப்பி அனுப்ப நிறுவனம் முடிவெடுக்கலாம். அதை மறுத்தால் அந்த நோய்க்கான காப்பு அத்தோடு நின்றுவிடும்.

இரண்டாம் வருடம் புதுப்பிக்கும்போது கவனம் கூடுதலாக வேண்டும். அது பெரும்பாலும் புதிய ஒப்பந்தம். முதல் வருடத்தில் வந்த நோய் இப்போது "ஏற்கனவே உள்ள நோய்" ஆகிவிடும். நாட்கள் மறுபடியும் எண்ணப்படும். ஐந்து வருடம் தங்கலாம் என்ற விசா, ஐந்து வருடத்துக்கும் ஒரே காப்பு என்று பொருள்படாது.

கோரிக்கை மறுக்கப்பட்டால் அத்தோடு முடிந்ததாக நினைக்க வேண்டாம். எந்த வாசகத்தின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். இறுதிப் பதில் திருப்தியில்லையென்றால், கனடாவில் ஆயுள் மற்றும் சுகாதாரக் காப்புறுதிக்கான சுயாதீனக் குறைகேள் சேவை உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. நிராகரிப்பு ஒரு சொல்லின் விளக்கத்தில் தங்கியிருக்கும்போது வைத்தியரின் கடிதம் நிலைமையை மாற்றக்கூடும்.

படிவத்துக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு

போர் எங்கள் குடும்பங்களுக்குப் பழக்கிய குணங்களில் ஒன்று, தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் துன்பத்தைச் சொல்லாமல் விடுவது. ஷெல் விழுந்த நாட்களிலும் "நாங்கள் நல்லா இருக்கிறம்" என்றுதான் கடிதம் போனது. அது பாசம். ஆனால் காப்புறுதிப் படிவத்தில் அந்தப் பாசம் பொய்த் தகவலாக மாறிவிடுகிறது. கட்டணம் எவ்வளவு, எந்த நிறுவனம் மலிவு என்று விசாரிப்பதற்கு முன், கிளினிக் கொப்பியின் கடைசி ஒரு வருடப் பக்கங்களைப் படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள். படிவத்தின் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பதிலை நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும். நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்று உங்கள் கையிலும் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. "என்ன வருத்தம் அம்மா?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்றுதான் பதில் வரும். "என்ன குளிசை போடுறியள், எப்ப மாத்தினவை?" என்று கேளுங்கள்.